கோப்பையில் தெரியாத மருந்து

லாரல் ஃபோர்க், கென்டக்கி
2018 ஜூன் 4

அக்கா க்ளென்னாவுக்கு,

மூன்று வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறாதே. எல்லோரும் இருக்கிறோம். நானும் இருக்கிறேன், அரைகுறையாக. போன் செய்யச் சொன்னாள் சித்தப்பா மகள் இமோஜீன். நம் பள்ளத்தாக்கில் சிக்னல் வேண்டுமென்றால் இன்னும் தேவாலயத்து வளைவில் அவள் வீடு வரை நடக்க வேண்டும். அப்படியே நடந்து போய்ப் பேசினாலும் நீ நடுவிலேயே வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வலி மருத்துவமனையிலிருந்து என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். இனிமேல் சீட்டு எழுதித் தரமாட்டார்கள். சிறுநீர்ச் சோதனையில் தோற்றுவிட்டேனாம். கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை திடீரென்று கூப்பிட்டார்கள். போனேன், கோப்பையில் பிடித்துக் கொடுத்தேன். அது சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்தால் நல்லதுதானே என்று யாரும் கேட்பார்கள். அங்கேதான் இல்லை. வலி மாத்திரை வாங்குகிறவன் சிறுநீரில் அந்த மாத்திரை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவன் அதைச் சாப்பிடவில்லை, வெளியே விற்கிறான் என்று அர்த்தம். கஞ்சா தெரிந்தால் தப்பு, வேறு மாத்திரை தெரிந்தால் தப்பு, ஒன்றுமே தெரியாவிட்டால் அதைவிடப் பெரிய தப்பு.

அந்த வாரம் நான் மாத்திரை எடுக்கவில்லை. சேர்த்து வைத்தேன். எதற்கு என்பது என் சொந்த விஷயம். சட்டைப்பையில் பாட்டில் இருந்தது, எடுத்து மேசையில் கொட்டினேன்.

"இதோ பாரும்மா, அத்தனையும் மிச்சம் இருக்கு. வித்திருந்தா எப்படி மிச்சம் இருக்கும்?"

ஷெல்பி என்று ஒரு சின்ன நர்ஸ். அவள் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எண்ணிக் காட்டுறதுக்குன்னே மாத்திரைய வாடகைக்குக் குடுக்குற ஆளுங்க இந்த ஊர்ல இருக்காங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப மூத்திரத்துல இருந்தா நம்புவீங்க, கையில இருந்தா நம்ப மாட்டீங்க."

"ரூல் நான் போடல சார்."

அவள் போடவில்லை, வாஸ்தவம். டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் தபாலில் வந்தது, இனி வராதே என்று. இப்படி வெளியே அனுப்பப்பட்டவனை இந்த மாவட்டத்தில் வேறு எந்த டாக்டரும் தொடமாட்டார். சுரங்கத்துக் கூரைப் பாறை விழுந்து நொறுங்கிய முதுகில் இரண்டு இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள் என்பது எந்தக் கோப்பையிலும் தெரியாது போலிருக்கிறது.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உன் பெயருக்கு அந்த மருத்துவமனையில் மதிப்பு உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் சங்கத்து க்ளென்னா ஒரு வார்த்தை எழுதினால் காது கொடுப்பார்கள். எழுதுவாயா?

வெர்லின்


டேட்டன், ஓஹையோ
ஜூன் 11

வெர்லின்,

கிழிக்கவில்லை. கிழித்திருக்க வேண்டும்.

கோல்பி போய் மூன்று பிறந்தநாள் வந்து போயிற்று. ஒரு அட்டை வந்ததா உன்னிடமிருந்து? மாத்திரை நின்றதும் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து தபால் பெட்டியைத் திறந்தால், என் பிள்ளையைக் கொன்ற சமாச்சாரத்துக்கே என்னைச் சிபாரிசு செய்யச் சொல்லி ஒரு கடிதம். உனக்குக் கை கூசவில்லையா?

அந்தச் சோதனைகள் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் மைக் முன்னால் நின்றவர்களில் நானும் ஒருத்தி. பேசவே வராதவள் நான், உனக்குத் தெரியும். கையில் கோல்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு, படித்தவர்கள் முன்னால் நின்று பேசினேன். இன்றைக்கு என் தம்பிக்கு மட்டும் அதைத் தளர்த்துங்கள் என்று எழுதவா? அடுத்த கூட்டத்தில் எந்த முகத்தோடு உட்காருவேன்?

எடுக்கவில்லை, சேர்த்து வைத்தேன், எதற்கு என்று சொல்லமாட்டேன். இந்தக் கதையை நான் கேட்காதவளா? கோல்பியும் சொன்னான். "நான் தொடவே இல்லம்மா. நீ வேணா என் பையப் பாத்துக்கோ." பார்த்தேன். ஒன்றும் இல்லை. நம்பினேன். நம்பியதற்குக் கிடைத்தது என்ன என்று உனக்குத் தெரியும்.

அவன் சாவுக்கு முந்தின மாதம் முழுக்க உன் வீட்டில்தான் இருந்தான். அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் கேட்டேன், உன் பாட்டிலை எண்ணிக் காட்டு என்று. நீ வாயைத் திறக்காமல் எழுந்து போனாய். எண்ணிக் காட்டியிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். இப்போது முன்பின் தெரியாத நர்ஸ் முன்னால் கொட்டிக் காட்டுகிறாய்.

நான் எழுதமாட்டேன். யாருக்கு விற்றாய் என்பதையாவது எனக்குச் சொல்.

க்ளென்னா


லாரல் ஃபோர்க்
ஜூன் 18

அக்கா,

யாருக்கு விற்றேன் என்று கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். ஆனால் முதலில் நீ கேட்டு வாங்கிய அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்.

பெல்ட், பர்ஸ், தொப்பி எல்லாவற்றையும் வெளியே ஒரு தட்டில் வைக்க வேண்டும். சின்ன அறை. குழாயில் தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள், கோப்பையில் கலந்துவிடுவேன் என்று. கழிப்பறைத் தொட்டியில் நீலத் தண்ணீர், அதுவும் அதற்குத்தான். கோப்பையின் பக்கத்தில் சூடு காட்டும் பட்டை, வேறு யாருடையதையோ சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடுவேன் என்று. கதவுக்கு வெளியே ஷெல்பி நிற்பாள். நிலக்கரி வெட்டிக் கூலி வாங்கிய ஆள் நான், அந்த முதுகோடு குனிந்து கோப்பை பிடிக்க வராது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். ஊன்றுகிற இடத்துக்கு நேர் மேலே யார் இருக்கிறார்கள் தெரியுமா? கோல்பி.

உங்கள் சங்கத்து விளம்பரத் தாள். "இவனுக்காக உண்மையாக இருங்கள்" என்று கீழே எழுதியிருக்கிறது. நம் அணைக்கட்டில் அவன் முதன்முதலாகப் பெரிய மீன் பிடித்த அன்று எடுத்த படம். மீனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சிரிக்கிறான். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அது என்னுடையது. மீதி என்னை வெட்டிவிட்டாய். அது உன் இஷ்டம். ஒவ்வொரு மாதமும் அவன் சிரித்துக்கொண்டே பார்க்க, நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். யாருக்கு விற்றாய் என்று நீ கேட்ட பிறகு எனக்கு என்ன மரியாதை மிச்சம்?

இப்போது மாத்திரை எங்கே போயிற்று என்பது. மே மாதக் கடைசி ஞாயிறு பூ வைக்கும் நாள். அதற்குள் மலை மேலே கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்ட வேண்டும். அப்பா அம்மா கல்லறையை இமோஜீன் வீட்டுப் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள், கீழ் வரிசையில் இருப்பதால் சுலபம். மேல் வரிசையில் வேலியோரம் ஒரே ஒரு கல்லறை. வருஷம் ஒரு தடவை வெட்டாவிட்டால் முள்புதர் ஆளுயரம் ஏறிவிடும். அதில் கிடக்கிறவனின் அம்மா டேட்டனில் இருக்கிறாள், மூன்று வருஷமாக வரவில்லை.

எனக்குத் தருகிற அளவு மாத்திரையில் நான் அடுப்படி வரை போய் பீன்ஸ் வேகவைக்கலாம், தபால் பெட்டி வரை போய்த் திரும்பலாம். அரிவாளோடு மலையேற முடியாது. அதனால் அதற்கு முந்தின வாரம் எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். சேர்ந்ததை அந்தச் சனி ஞாயிறில் எடுத்துக்கொண்டு மேலே போவேன். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். இந்த வருஷம் அந்த வாரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதை நர்ஸிடம் சொல்லவில்லை. சுவரில் இருக்கிறானே, அவன் கல்லறைக்காகத்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அதற்கும் ஒரு ரூல் சொல்வாள்.

அடக்கத்தன்று ஏன் எண்ணிக் காட்டவில்லை என்றாய். பெட்டி திறந்திருந்தது க்ளென்னா. அவன் முகத்துக்கு மேலே நின்று மாத்திரை எண்ணச் சொன்னாய். நான் எண்ணமாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் எண்ணமாட்டேன்.

இனி உன்னிடம் எதையும் கேட்கவில்லை.

வெர்லின்


டேட்டன்
ஜூன் 27

தம்பி,

உன் கடிதம் வந்த அன்றே இமோஜீனுக்குப் போன் செய்தேன். உன்னை நம்பாமல் இல்லை. நம்பாமல்தான். இப்போது எதற்குப் பொய்.

அவள் சொன்னாள்: "ஆமாடி, அவன்தான். வேற யாரு பண்ணுவா? பையங்கள அனுப்புறேன்னு சொன்னேன், விரட்டிட்டான். போற வழியெல்லாம் உக்காந்து உக்காந்து போறான். கீழ வந்தப்புறம் ரெண்டு நாளு படுக்கையவிட்டு எந்திரிக்கல. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. போனை வைத்தேன். உன் மேல் கோபம் வந்தது, அதுதான் முதலில் வந்தது. நான் செய்ய வேண்டியதை ஏன் எனக்குத் தெரியாமல் செய்தாய் என்று.

பிறகு மருத்துவமனைக்கு எழுதினேன். எழுதமாட்டேன் என்றேன் அல்லவா, எழுதினேன். பதில் வராததால் போனும் செய்தேன். மியூசிக் போட்டுக் காக்க வைத்தார்கள், மாற்றி மாற்றி யார் யாரிடமோ கொடுத்தார்கள். கடைசியில் அலுவலகப் பெண் ஒருத்தி. என் பெயரைச் சொன்னதும் குரலே குழைந்தது. "மேடம், உங்க பேச்ச நான் நேர்ல கேட்டிருக்கேன். அழுதுட்டேன்." சரி, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். என் தம்பி விஷயம் என்றேன். அதற்குச் சொல்கிறாள்: "நீங்கதான மேடம் சொன்னீங்க, எங்க வீட்டு ஆளு அப்படி இல்லன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க, நம்பாதீங்கன்னு. அந்த வரிய நாங்க எழுதி ஒட்டி வெச்சிருக்கோம்."

என் வாயை என் வார்த்தையாலேயே அடைத்துவிட்டாள். நான்தான் சொன்னேன். அழுத்தம் திருத்தமாக வேறு சொன்னேன்.

சோதனைக்கு முந்தின வாரம் எடுக்கவில்லை, கல்லறை வேலை என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். மருந்தைச் சொன்னபடி எடுக்காததே தப்புதான் மேடம், சேர்த்து வைத்து மொத்தமாக எடுத்தது அதைவிடத் தப்பு, மூச்சு நின்றுவிடும் என்றாள். அதில் அவள் சொல்வது சரி. உனக்கு அறிவு இருக்கிறதா வெர்லின்? மலை மேலே விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது?

கடைசியில் ஒரு வழி சொன்னாள். வீட்டோடு ஒரு பொறுப்பான ஆள் இருக்க வேண்டும். மாத்திரை பூட்டிய பெட்டியில், சாவி அந்த ஆளிடம். வேளைக்கு வேளை அந்த ஆள் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் கையெழுத்துப் போட்டால் திரும்பச் சேர்ப்பதைப் பற்றி யோசிப்பார்களாம்.

நான் முடியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கோல்பிக்குப் பிறகு என் வீட்டில் தலைவலி மாத்திரைகூட இல்லை. பல் பிடுங்கியபோது டாக்டர் கொடுத்த சீட்டை வாசலிலேயே கிழித்துப் போட்டேன். அந்தப் பாட்டில் குலுங்குகிற சத்தம் எனக்கு ஆகாது. அவன் அறைக் கதவைத் திறந்தபோது என் கால் பட்டு அது தரையில் உருண்டது.

உன் பெண்டாட்டியாக இருந்த டோனாவும் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இமோஜீனைக் கேட்டுப் பார்.

க்ளென்னா


லாரல் ஃபோர்க்
ஜூலை 9

அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இமோஜீன் ஒத்துக்கொண்டாள். நான் கேட்டு வாய் மூடவில்லை, இங்கேயே வந்து தங்குகிறேன் என்றாள். மருத்துவமனை ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பேரன் போலீஸ் கேஸில் இருக்கிறானாம், அந்த வீட்டு ஆள் பொறுப்பான ஆள் கணக்கில் வரமாட்டாராம். தேவாலயத்துப் பாதிரியாரைக் கேட்டேன். வீட்டோடு இருக்க வேண்டும் என்கிறார்களே என்று அவர் பெண்டாட்டி கதவைச் சாத்தினாள். அவளைக் குறை சொல்ல முடியாது, எனக்கே என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை.

மாத்திரை நின்றதில் வேர்த்துக் கொட்டி வயிறு புரட்டின நாட்கள் முடிந்துவிட்டன. இப்போது இருப்பது வெறும் வலி, வேறு எதுவும் கலக்காதது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அவசரப் பிரிவுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டினான் ஒரு பையன். தட்டினதும் அவன் முகம் மாறியது. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டான். பாறை என் மேல் விழுந்தபோது வெந்நீர் ஊற்றியா எடுத்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை.

இன்னொன்று. இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். நேற்று டுவைட் நோபிள் வந்தான். நம் ரேடன் நோபிளின் மகன். முன் வராந்தாவில் உட்கார்ந்து வானிலை பேசினான். கிளம்பும்போது ஜிகினாத் தாளில் சுற்றின சின்னப் பொட்டலம் ஒன்றை நாற்காலிக் கைப்பிடியில் வைத்தான். "நீங்க எப்பவும் எடுக்குறது அதேதான் மாமா. இது என் பக்கத்துலருந்து. புடிச்சிருந்தா சொல்லி அனுப்புங்க." பிரித்துப் பார்த்தேன். அதே நிறம், மேலே பொறித்த அதே எண், கொஞ்சமும் வித்தியாசம் இல்லை. காபி டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன். படுத்த இடத்திலிருந்து டப்பா தெரிகிறது.

யாருக்கு விற்றாய் என்று கேட்டாய். நான் யாருக்கும் விற்கவில்லை. ஆனால் வாங்கப் போகிறேன் என்று தோன்றுகிறது. முதல் தடவை உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று எழுதினேன்.

வெர்லின்


டேட்டன்
ஜூலை 12

வெர்லின்,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். அடுத்த நிமிஷம் இமோஜீனுக்குப் போன் போட்டேன், கத்தினேன். அவள் அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாளாம். நீயே டப்பாவை அவள் கையில் கொடுத்தாய் என்றாள், தான் அதைக் கழிப்பறையில் கொட்டி இரண்டு தடவை தண்ணீர் விட்டதாகச் சொன்னாள். அவள் திரும்பப் போன் செய்கிறவரை நான் எப்படி இருந்தேன் என்று எழுத வராது.

கேள். கோல்பி சாப்பிட்டதும் அப்படித்தான் இருந்தது. அதே நிறம், அதே எண். போலீஸ்காரர் பிறகு வந்து சொன்னார், அது கம்பெனியில் செய்ததே இல்லை, யாரோ வீட்டுக்குள் அச்சுப் போட்டுச் செய்தது, உள்ளே இருந்தது வேறு விஷம் என்று. அது உன் பாட்டிலிலிருந்து போனது இல்லை. அது எனக்கு அடக்கம் முடிந்த மாதமே தெரியும்.

பள்ளிக்கூடம் ஆகஸ்ட் வரை லீவு. 21ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். மருத்துவமனையில் பெயர் கொடுத்துவிட்டேன், வீட்டோடு இருக்கும் பொறுப்பான ஆள் என்று. பின் அறையை எனக்குக் காலி செய்து வை. பாட்டிலை என் காதுபடக் குலுக்காதே. மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காதே, வேறு எங்காவது பார். டுவைட் நோபிள் அந்தப் படி ஏறினால் அடுப்புக் கரண்டியோடு வருவேன் என்று சொல்லி வை.

அதுவரை தாங்கிக்கொள். எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் தாங்கிக்கொள்.

க்ளென்னா


லாரல் ஃபோர்க்
ஜூலை 16

அக்கா,

ஆக, உனக்குத் தெரிந்திருந்தது. மூன்று வருஷமாக.

அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ராத்திரி முழுக்க உன்னைத் திட்டினேன். திட்டுவதற்கு ஆள் இருந்ததால் வலி கொஞ்சம் மறந்தது, அந்த மட்டுக்கு உனக்கு நன்றி.

பின் அறையைக் காலி செய்ய என்னால் முடியாது, இமோஜீன் செய்தாள். கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். உன் குறட்டைக்கு வாளிச் சத்தம் எவ்வளவோ தேவலை. முகத்தைப் பார்க்காதே என்றாய். இத்தனை வருஷம் பார்த்தது போதும், ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து போன் வந்ததாம் இமோஜீனுக்கு. திங்கட்கிழமை நாம் இரண்டு பேரும் நேரில் போக வேண்டும். ஏதோ கையெழுத்து.

மெதுவாக ஓட்டிக்கொண்டு வா. மலைச்சாலையில் லாரிகள் இன்னும் அதே திமிரோடுதான் வருகின்றன.

வெர்லின்


டேட்டன்
ஆகஸ்ட் 8

தம்பி,

உன் வீட்டிலிருந்து டேட்டன் வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். சமையலறைத் தலைவி, "எத்தன மாசத்துக்கு?" என்றாள். தெரியாது என்றேன். சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறேன்.

உன் முன்னால் உட்கார்ந்து சொல்ல வராததை இங்கிருந்து எழுதுகிறேன். நமக்கு இதுதான் பழகிவிட்டது.

உன்னைத் திரும்பச் சேர்த்த அன்றைக்கு மருத்துவமனையிலிருந்து வரும்போது காரில் கேட்டாய், "உள்ள ஏன் அவ்ளோ நேரம்?" என்று. "வாய மூடிட்டு வெளிய பாரு" என்று எரிந்து விழுந்தேன். நீ அதற்கப்புறம் கேட்கவில்லை.

கையெழுத்து மட்டும்தான் என்று நினைத்துத்தான் போனேன். ஷெல்பி கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் குடுக்கணும் மேடம். மாத்திரை இருக்குற வீட்ல இருக்குறவங்க எல்லாரும் குடுக்கணும்."

"நான் தலைவலிக்குக்கூட எதுவும் போட மாட்டேம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மேடம்."

பர்ஸையும் மோதிரத்தையும் தட்டில் வைத்தேன். உள்ளே போனேன். நீ எழுதியபடியேதான் எல்லாம் இருந்தது. குழாயைத் திருகிப் பார்த்தேன், தண்ணீர் வரவில்லை. நீலத் தண்ணீர். சுவரில் அவன். நான்தான் அந்தப் படத்தைக் கொடுத்தேன், நான்தான் பெரிதாகப் போடச் சொன்னேன். மேடையில் எவ்வளவோ தடவை கையில் பிடித்திருக்கிறேன். அங்கே அவன் என் தலைக்கு மேலே இருந்தான், நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்டிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வரவில்லை வெர்லின். எவ்வளவு நேரமானாலும் ஒரு சொட்டு வரவில்லை.

கதவைத் தட்டினாள். "ஆச்சா மேடம்?"

"முடியல. என் பையன் பாத்துக்கிட்டிருக்கான்."

அன்பாகத்தான் சொன்னாள், "அது வெறும் போஸ்டர் மேடம்."

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் தினமும் அவனைப் பார்க்கிறாள், அவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. கோப்பையில் என்ன இல்லை என்று மட்டும் பார்க்கச் சொல்லி நாங்கள்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். எழுந்து அந்தத் தாளின் கீழ் ஆணியைப் பிடுங்கி, மேலே மடித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் முடிந்தது. வெளியே வந்து, இந்தப் படத்தை எடுத்து முன்னால் காத்திருக்கும் இடத்தில் மாட்டுங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். என் மகன் படத்தைக் கழிப்பறையிலிருந்து எடுக்க நான் ஒரு மனு எழுதித் தர வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். அதனால்தான் அவ்வளவு நேரம்.

நீ மடிக்கவில்லை. மூன்று வருஷமாக மாதாமாதம் அவன் பார்க்கப் பார்க்க நின்றாய். கையை ஊன்றத்தான் அங்கே நின்றதாக எழுதியிருந்தாய். பரவாயில்லை, நான் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறேன்.

நாளைக்குச் சங்கக் கூட்டம். பேசச் சொல்லியிருக்கிறார்கள். சோதனையே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. டுவைட் நோபிள் மாதிரி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும். ஆனால் பழைய பேச்சைப் பேசவும் வராது. என்ன பேசுவேன் என்று இதுவரை தெரியவில்லை. நின்று பார்க்கலாம்.

அடுத்த வருஷம் முள் வெட்டுவது நான். நீ கீழே இமோஜீனோடு உட்கார்ந்து சோள ரொட்டி தின்றுகொண்டு, எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று கத்து. மாத்திரையை அந்தந்த நாளைக்கு அந்தந்த நாளே எடு.

கிளம்பும்போது ஏன் அந்தச் சின்னப் பாட்டிலை உன் கையில் வைத்தேன் என்று விழித்துக்கொண்டு நின்றாய். சாவி என் கழுத்தில்தான் இருக்கிறது, பெட்டி பூட்டித்தான் இருக்கிறது. ரூல்படி நான் இல்லாத நாட்களுக்கு உனக்கு மாத்திரை கிடையாது. அவர்கள் கூப்பிட்டால் கோப்பை மறுபடி சுத்தமாக இருக்கும், மறுபடி வெளியே தள்ளுவார்கள். அந்த ரூலை எழுதியவர்களுக்குப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வரவேண்டிய அக்காக்கள் கிடையாது போலிருக்கிறது. அதனால் நான் வருகிறவரைக்கும் வேண்டிய மாத்திரையை அந்தப் பாட்டிலில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அலுவலகத்துக்குத் தெரிந்தால் என்னையும் சேர்த்துத் தள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன். அந்தப் பாட்டிலைக் காலியோ மிச்சமோ மேசை மேல் வை. நான் எண்ணிப் பார்க்கமாட்டேன்.

அக்கா